அழையா விருந்தாளிகள்: மின் அஞ்சல் குப்பையும் நாமும்



மதுரைக்காரர்களுக்கு நோட்டீஸ் என்பது புதிய சங்கதி அல்ல. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் ஹால் ரோட்டுக்குள் நுழைவதற்குள் கையில் நாலு நோட்டீஸைத் திணித்துவிடுவார்கள். ஒன்று ஜவுளிக்கடை, ஒன்று மூல வைத்தியம், ஒன்று ஸ்போக்கன் இங்கிலீஷ், இன்னொன்று 'வீட்டிலிருந்தபடியே மாதம் முப்பதாயிரம்'. வாங்கிய கையோடு கசக்கிப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். நோட்டீஸைப் படித்துவிட்டு வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் யாரும் கிடையாது.

ஆனால் அதே நோட்டீஸ் நம் பெயரைப் போட்டு, பெரிய கம்பெனியின் முத்திரையோடு நம் மின் அஞ்சல் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தால்? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அதிலும் ஆறாவது செமஸ்டர் முடிக்கப்போகிற நம்மைப் போன்றவர்கள் 'இன்டர்வியூ' என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே மற்றதை எல்லாம் மறந்துவிடுகிறோம். ஆகவே இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, அதை எப்படிக் கையாள்வது என்பதை டிப்ளமோ மாணவர்களுக்குப் புரியும்படி பார்ப்போம்.

1. பெயர் வந்த கதை

வேண்டாத மின் அஞ்சலை ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்கிறார்கள். இது உண்மையில் டப்பாவில் அடைத்த இறைச்சியின் பெயர். அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் 1937ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970ல் பி.பி.சி.யில் வந்த 'மான்டி பைத்தான்' நகைச்சுவைத் தொடரில் ஒரு ஓட்டல் காட்சி. எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் சேர்ந்தே வரும். பேச விடாமல் 'ஸ்பாம், ஸ்பாம்' என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். நல்ல பேச்சை அமுக்கிவிடும் இரைச்சல் என்ற பொருளில் கம்ப்யூட்டர் உலகம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

முதல் குப்பைக் கடிதத்துக்குத் தேதியே இருக்கிறது: 1978 மே 3. அமெரிக்காவில் 'டெக்' என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தங்கள் புதிய கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்படி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மூச்சில் கடிதம் அனுப்பினார். அப்போது இன்டர்நெட் கிடையாது. அதன் முன்னோடியான 'அர்பாநெட்' இருந்தது. கடிதம் வாங்கியவர்களில் பலர் கோபப்பட்டார்கள், புகார் போனது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஆரம்பித்ததே 1995 ஆகஸ்ட் 15ல்தான். அதாவது நமக்கு வீடு கட்டுவதற்குப் பதினேழு வருஷம் முன்பே அழையா விருந்தாளி பிறந்துவிட்டான்!

2. ஏன் அனுப்புகிறார்கள்? ஒரு சின்னக் கணக்கு

நம் அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 15 காசு அஞ்சலட்டையில் ஒரு கடிதம் சுற்றும். 'இது சாமி அருள். இதைப்போல இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் ரத்தம் கக்குவாய்' என்று இருக்கும். பயந்துபோய் எழுதியவர்கள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் காசு, அதோடு கை வலி. பத்திருபது எழுதுவதற்குள் அனுப்புகிறவனுக்கே அலுத்துவிடும்.

மின் அஞ்சலில் அந்த எல்லை இல்லை. ஒருவருக்கு அனுப்புவதும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே செலவு. 2008ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். மருந்து விற்பதாகச் சொல்லும் ஒரு குப்பை அஞ்சல் வலைக்குள் புகுந்து 26 நாட்கள் கண்காணித்தார்கள். போன கடிதங்கள் சுமார் 35 கோடி. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்!

35 கோடியை 28ஆல் வகுத்தால் 1.25 கோடி. அதாவது ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஒரு ஆள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். கைக்குழந்தையிலிருந்து பல் போன தாத்தா வரை ஆளுக்கொரு கடிதம் போட்டால், வலையில் விழுவது ஐந்தாறு பேர். இதே 35 கோடியை 15 காசு அட்டையில் அனுப்பியிருந்தால் தபால் செலவே 5 கோடியே 25 லட்சம் ரூபாய். எந்தக் கிறுக்கனும் செய்யமாட்டான். மின் அஞ்சலில் செய்கிறான், ஏனென்றால் செலவு அவனுடையது அல்ல. பெரும்பாலும் அவன் பயன்படுத்துவது, வைரஸ் புகுந்து அவன் வசமாகிவிட்ட அடுத்தவர்களின் கம்ப்யூட்டர்களை. 'பாட்நெட்' என்பது இதுதான். கரன்ட் பில், நெட் பில், இடம், நேரம் எல்லாம் மற்றவர்கள் தலையில்.

இதிலிருந்து ஒரு பாடம். 'நமக்கு யார்ப்பா கடிதம் போடப்போறா, நம்மகிட்ட என்ன இருக்கு?' என்று நினைப்பது தவறு. அவன் நம்மைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. ஊருக்கே விதைக்கிறான், எங்கே முளைக்கிறதோ அங்கே அறுக்கிறான்.

3. கவரும் கடிதமும்

'அனுப்புநர் இடத்தில் கம்பெனி பெயர்தானே இருக்கு, அப்புறம் எப்படிப் பொய்யாகும்?' என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

மின் அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் என்பவர் 1982ல் அதை எழுதி வெளியிட்டார். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'ஹலோ, நான் இன்ன கம்ப்யூட்டர்.' 'சரி.'
'அனுப்புகிறவர் இவர்.' 'சரி.'
'பெறுகிறவர் இவர்.' 'சரி.'
'இதோ கடிதம்.' 'வந்து சேர்ந்தது.'

கவனித்தீர்களா? 'நீ அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று எங்குமே கேட்கவில்லை. அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும்தான். ஒருவரை ஒருவர் சந்தேகப்படவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். தபாலில் கவர் மேல் ஒரு முகவரி, உள்ளே கடிதத்தின் தலைப்பில் ஒரு முகவரி என இரண்டு இருக்கும் அல்லவா? மின் அஞ்சலிலும் அப்படியே. கம்ப்யூட்டர்கள் மேலே பேசிக்கொண்டது கவர் விலாசம். நம் திரையில் தெரியும் 'ஃப்ரம்' என்பது உள்ளே இருக்கும் கடிதத் தலைப்பு. கலெக்டர் பெயரில் லெட்டர்பேடு அச்சடிக்க யாராலும் முடியும். அச்சடித்தவன் கலெக்டர் ஆகிவிடுவானா?

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று பூட்டுகள் வந்தன.

அ) எஸ்.பி.எஃப்.: 'எங்கள் கம்பெனிச் சரக்கு இந்த நம்பர் லாரிகளில் மட்டும்தான் வரும்' என்று கேட்டில் பட்டியல் ஒட்டுவதைப் போன்றது. கம்பெனியின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அனுமதி என்று பகிரங்கமாக அறிவிப்பார்கள்.

ஆ) டி.கே.ஐ.எம்.: அரக்கு முத்திரை. கடிதத்தின் மேல் கணித முறையில் ஒரு கையெழுத்து. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும்.

இ) டிமார்க்: மேற்கண்ட சோதனைகளில் கடிதம் தேறாவிட்டால் என்ன செய்வது? 'குப்பையில் போடு' அல்லது 'உள்ளேயே விடாதே' என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லிவைக்கும் உத்தரவு.

நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்தது. யாஹூவும் இதைப் போன்ற விதியைக் கொண்டுவந்தது.

நாமே சோதித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பூட்டுக்கும் 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று போட்டிருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: 'பாஸ்' என்றால் அனுப்பியவன் யோக்கியன் என்று அர்த்தமில்லை. எந்த முகவரி தெரிகிறதோ அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அர்த்தம். திருடன் சொந்தமாக ஒரு முகவரி வாங்கி, மூன்று பூட்டும் போட்டுக்கொண்டு வரலாம். ஆகவே முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

எப்படிப் படிப்பது? '@' குறிக்குப் பின்னால் இருப்பதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'கம்பெனிபெயர்.காம்' என்றால் சரி. 'கம்பெனிபெயர்-வேலை.காம்' என்றால் அது வேறு யாரோ வாங்கிய பெயர். 'கம்பெனிபெயர்.காம்.அங்கிட்டு.நெட்' என்றால் உண்மையான சொந்தக்காரர் 'அங்கிட்டு.நெட்'. முன்னால் ஒட்டியிருப்பது வெறும் அலங்காரம். அரசு அலுவலகம் என்றால் கடைசியில் பெரும்பாலும் 'கவ்.இன்' அல்லது 'நிக்.இன்' இருக்கும். அரசாங்கப் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து பணம் கேட்டால், பேச்சே வேண்டாம்.

4. சல்லடை எப்படிச் சலிக்கிறது?

நாம் சும்மா இருக்கும்போதே பாதிக் குப்பை 'ஸ்பாம்' பெட்டிக்குப் போய்விடுகிறதே, அது எப்படி? நிகழ்தகவுதான். கணக்குப் பாடத்தில் படித்த பேய்ஸ் தேற்றம் இங்கே வேலை செய்கிறது. 2002ல் பால் கிரஹாம் என்பவர் இந்த முறையை விளக்கி எழுதிய பிறகு இது வேகமாகப் பரவியது.

புரிவதற்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். 100 குப்பைக் கடிதங்களில் 60ல் 'பதிவுக் கட்டணம்' என்ற சொல் இருக்கிறது. 100 நல்ல கடிதங்களில் 3ல் மட்டும் இருக்கிறது. குப்பையும் நல்லதும் சம அளவில் வருவதாகக் கொண்டால், இந்தச் சொல் உள்ள கடிதம் குப்பையாக இருக்கும் வாய்ப்பு 60 ÷ (60 + 3), அதாவது 95 சதவீதம்.

அதே கடிதத்தில் 'உடனே' என்பதும் இருக்கிறது. குப்பையில் 100க்கு 50, நல்லதில் 100க்கு 10. இப்போது (0.6 × 0.5) = 0.3, (0.03 × 0.1) = 0.003. ஆகவே 0.3 ÷ 0.303 = 99 சதவீதம்.

கூடவே 'லேப் ரெக்கார்டு' என்ற சொல்லும் இருந்தால்? குப்பையில் 100க்கு 1, நல்லதில் 100க்கு 40. கணக்குப் போட்டால் 0.003 ÷ 0.0042, வாய்ப்பு 71 சதவீதமாக இறங்கிவிடும். இப்படி ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து நிறுக்கிறது சல்லடை. இன்றைய சல்லடைகள் இதோடு அனுப்பிய இடம், அதன் பழைய நடத்தை, மற்றவர்கள் செய்த புகார் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. நாம் 'ரிப்போர்ட் ஸ்பாம்' பட்டனை அமுக்குவது அதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல. சும்மா அழித்துவிட்டால் அது ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

சல்லடை எப்போதாவது நெல்லையும் பதரோடு தள்ளிவிடும். உண்மையான இன்டர்வியூ கடிதம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கலாம். ஜிமெயிலில் அங்கே கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

5. வேலைக் கடிதம் என்னும் பொறி

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இதைப்போன்ற கடிதங்கள் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, கீழே ஒரு மாதிரியை நாமே எழுதியிருக்கிறோம்.

'அன்புள்ள விண்ணப்பதாரரே, வாழ்த்துகள்! தங்கள் பயோடேட்டா எங்கள் கார் தொழிற்சாலைக்கு நேரடியாகத் தேர்வாகியுள்ளது. பதவி: ஜூனியர் இன்ஜினியர் / சூப்பர்வைசர் / அக்கவுண்ட்ஸ். சம்பளம் மாதம் ரூ.48,000 முதல் ரூ.1,20,000 வரை. நேர்முகத் தேர்வுக்கு விமான டிக்கெட் அனுப்பப்படும். திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை ரூ.9,850ஐ இன்று மாலை 4 மணிக்குள் ஹெச்.ஆர். மேனேஜரின் கணக்கில் செலுத்தவும். தொலைபேசியில் விசாரிக்க வேண்டாம்.'

'மாப்ளே, பிளைட் டிக்கெட்டாம்டா!' என்று துள்ளுவதற்கு முன்னால் நிதானமாகப் பாருங்கள்.

- நம் பெயர் இல்லை, 'விண்ணப்பதாரரே' என்று இருக்கிறது. நாம் விண்ணப்பமே போடவில்லை.
- மெக்கானிக்கல் படித்தவனுக்கும் அக்கவுண்ட்ஸ் படித்தவனுக்கும் ஒரே கடிதம்.
- கப்பலூர், கே.புதூர் சிட்கோவில் வேலை பார்க்கும் நம் சீனியர்களைக் கேளுங்கள், புது டிப்ளமோக்காரனுக்கு என்ன சம்பளம் என்று. அதோடு இந்தத் தொகையை ஒப்பிடுங்கள்.
- பணம் போவது கம்பெனி கணக்குக்கு அல்ல, தனி ஆள் கணக்குக்கு.
- நாலு மணிக் கெடு. யோசிக்கவும், யாரிடமாவது கேட்கவும் நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் திட்டம்.
- விசாரிக்காதே என்கிறான். வேலை கொடுப்பவன் எதற்கு விசாரணைக்குப் பயப்படவேண்டும்?

'இவ்வளவு அப்பட்டமா இருந்தா யாரு நம்புவா?' என்று தோன்றும். அதற்கும் காரணம் உண்டு என்றார் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் கார்மக் ஹெர்லி. 2012ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: கடிதம் வேண்டுமென்றே நம்ப முடியாததாக இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிக்கொள்வார்கள். பதில் போடுகிறவர்கள் எல்லாம் கடைசி வரை வரக்கூடியவர்கள். ஏமாற்றுக்காரனுக்கு நேரம் மிச்சம். ஆனால் அப்பட்டமான கடிதங்களை மட்டும் பார்த்துப் பழகிவிடாதீர்கள். இன்று செயற்கை நுண்ணறிவின் உதவியால் பிழையில்லாத ஆங்கிலத்திலும் நல்ல தமிழிலும் பொய்க் கடிதம் எழுத முடிகிறது. எழுத்துப் பிழையை மட்டும் நம்பி எடைபோடும் காலம் போய்விட்டது. என்ன கேட்கிறான் என்பதைப் பாருங்கள்.

வேலைப் பெயரைச் சொல்லிப் பொய்க் கடிதம் அனுப்புவது நம் நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் பெயரில், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியைச் சேர்ந்தவர்கள் மின் அஞ்சல் அனுப்பிப் பலரின் சொந்த விவரங்களைத் திரட்டினார்கள். 2005 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம், இதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதமே என்று சொன்னது. எதிர்த்தரப்பு 16 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டது. இங்கே அவர்கள் பணம் கேட்கவில்லை, விவரம்தான் கேட்டார்கள் என்பதைக் கவனிக்கவும். பெயர், பிறந்த தேதி, மார்க் ஷீட், ஆதார் நகல் எல்லாமே இன்று சரக்குதான்.

இதைவிடக் கொடுமை 2022ல் நடந்தது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சமூக வலைத்தள விளம்பரங்களும் ஏஜென்ட்டுகளும் ஆசை காட்டினார்கள். நம்பிப் போன இந்திய இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். பொய் வேலைக் கடிதத்துக்கு இரையானவனையே அடுத்த பொய்க் கடிதத்தை அனுப்ப வைக்கிறார்கள் என்றால் இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரிலேயே இன்னொரு பொறி உண்டு. 'பார்ட் டைம் வேலை. உன் பேங்க் அக்கவுண்டுக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும்.' இது வேலையே அல்ல. ஏமாந்த யாரோ ஒருவருடைய பணம் நம் கணக்கு வழியாகப் போகிறது. போலீஸ் விசாரணை முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான். திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ இருக்கும் நம் அப்பா எதற்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டும்?

6. சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குப்பை அஞ்சலுக்கென்று 2003ல் தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் தொல்லை தரும், அனுப்பிய இடத்தை மறைக்கும் மின் அஞ்சலைப் பற்றிய வாசகம் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு முழுவதையும், பேச்சுரிமைக்கு விரோதமானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 1909க்குப் பதிவு செய்தால் நிற்பது விளம்பர போன்கால்களும் எஸ்.எம்.எஸ்.களும்தான், மின் அஞ்சலுக்கு அது செல்லாது.

ஆனால் ஏமாற்றினால் சட்டம் உண்டு. கம்ப்யூட்டர் வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் 66-டி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்தினால் 66-சி பிரிவு.

7. நாம் செய்ய வேண்டியவை

(1) இரண்டு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கல்லூரி, வேலை, வங்கிக்கு. இன்னொன்று ஆன்லைன் கடை, விளையாட்டு, சித்திரைப் பொருட்காட்சியில் எழுதிப்போடும் பரிசுக் கூப்பன் போன்றவற்றுக்கு. குப்பை எல்லாம் இரண்டாவதில் சேரட்டும்.

(2) ப்ரவுசிங் சென்டரில் அப்ளிகேஷன் போடும்போது, அவசரத்துக்குக் கடைக்கார அண்ணன் தன் மெயில் ஐ.டி.யையே போட்டுவிடுவது உண்டு. அப்புறம் ஹால் டிக்கெட் அங்கே போகும், நாம் இங்கே தேடிக்கொண்டிருப்போம். 'அண்ணே, என் ஐ.டி.யைப் போடுங்க' என்று உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் 'லாக் அவுட்' செய்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

(3) தெரிந்த கடை, தெரிந்த கம்பெனியிடமிருந்து விளம்பரம் வந்தால் 'அன்சப்ஸ்கிரைப்' கொடுக்கலாம். முகம் தெரியாதவனுக்குக் கொடுக்காதீர்கள். 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறது' என்று அவனுக்கு நாமே சொன்னதாகிவிடும். பதில் போட்டுத் திட்டுவதும் அப்படித்தான். 'ரிப்போர்ட் ஸ்பாம்' அமுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

(4) இணைப்புக் கோப்பைச் சட்டென்று திறக்காதீர்கள். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் வந்த கடிதத்தின் இணைப்பைத் திறந்தவர்களின் கம்ப்யூட்டர்களில் புழு புகுந்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டு உலகம் முழுக்கப் பரவியது. தெரிந்த நண்பனிடமிருந்து வந்தாலும் விசித்திரமாக இருந்தால், 'டேய் பங்காளி, நீதான் அனுப்புனியா?' என்று ஒரு போன் போடுங்கள்.

(5) பாஸ்வேர்டாகப் பிறந்த தேதியையோ தலைவர் பெயரையோ வைக்காதீர்கள். ஜிமெயிலில் இரண்டு கட்டச் சோதனையைப் போட்டுவையுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

(6) பயோடேட்டாவில் ஆதார் எண், வங்கி எண் எழுத வேண்டாம். ஆள் எடுக்கும் இடத்துக்கு முதல் சுற்றில் அது தேவையே இல்லை.

(7) வேலைக் கடிதம் வந்தால், அதில் உள்ள போன் நம்பருக்குப் பேசாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தைத் தனியாகத் திறந்து, அங்கே உள்ள நம்பரில் விசாரியுங்கள். நம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் காட்டுங்கள். அப்ரன்டிஸ் பயிற்சிக்கு மத்திய அரசின் 'நாட்ஸ்' தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே தேர்வுகளுக்குத் தேர்வுக் கட்டணம் உண்டுதான். ஆனால் அதை நாமாக அவர்களுடைய தளத்தில் விண்ணப்பம் போடும்போது கட்டுகிறோம். தேர்வாகிவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்பது வேறு. வேலை என்றால் சம்பளம் அங்கிருந்து இங்கு வரவேண்டும். இங்கிருந்து அங்கு போனால் அது வேலை இல்லை.

(8) பணம் போய்விட்டால்? முதல் வேலையாக 1930க்கு போன் செய்யுங்கள். மோசடிப் பணம் கைமாறிக்கொண்டே போகும். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

நிறைவாக...

நண்பர்களே, 9,850 ரூபாய் என்பது நம்மில் பல வீடுகளில் அம்மாவின் கம்மல், அல்லது வட்டிக்கு வாங்கிய காசு. அதைக் கட்டிவிட்டு ஏமாந்தவன் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. கேலி செய்வார்களே என்ற வெட்கம், வீட்டில் திட்டுவார்களே என்ற பயம். அந்த வெட்கத்தினால் 1930க்குக் கூப்பிட வேண்டிய முதல் மணி நேரம் போய்விடுகிறது, அடுத்த பெஞ்சில் இருப்பவனும் அதே கடிதத்துக்கு ஏமாறுகிறான். ஆகவே ஒரு வேண்டுகோள். சந்தேகமான வேலைக் கடிதம் யாருக்கு வந்தாலும் அச்செடுத்து, நம் சொந்த விவரங்களை அடித்துவிட்டு, ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். ஏமாந்த நண்பன் வந்து சொன்னால் சிரிக்காமல் கேட்போம்; கூடவே போய்ப் புகார் கொடுப்போம். அவன் ஒரே நேரத்தில் லட்சம் பேருக்கு அனுப்புகிறான். நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், நம் கல்லூரியிலாவது அவனுக்கு அந்த ஒரு ஆள் கிடைக்காமல் போகட்டும்.